பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதியதற்கு: குளோனிங்கா, புது விண்டோஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு, ஹார்ட் டிஸ்க்கை மாத்திக் கொடு தம்பி" என்று வந்தால், நான் முதலில் கேட்பது, "இதில் தமிழில் தட்டச்சு செய்வீர்களா, எத்தனை வருடமாக?" என்றுதான். எந்த வழியில் மாற்றுவது என்பதைப் பாதி அந்தப் பதிலே முடிவு செய்துவிடும்.

வழிகள் இரண்டு. ஒன்று குளோனிங். விண்டோஸ், மென்பொருள்கள், எழுத்துருக்கள், கோப்புகள் என்று பழைய டிஸ்க்கில் உள்ள அத்தனையும் இருந்தபடியே புதியதில் இறங்கிவிடும். இன்னொன்று, புது டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டு, வேண்டிய கோப்புகளை மட்டும் கொண்டுவருவது. இரண்டாவதுதான் சுத்தமான வழி என்று பலர் சொல்வார்கள். குப்பை சேராது, பழைய வைரஸ் கூட வராது. நானும் அதைத்தான் செய்துவந்தேன், ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் கணினி என் கைக்கு வரும்வரை.

புது விண்டோஸ் ஏற்றி, டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுத்தேன். மறுநாள் செயலாளர் ஐயா பழைய கூட்டக் குறிப்பு ஒன்றைத் திறந்தார். தமிழே இல்லை. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஆங்கில எழுத்துகளாக, பக்கம் முழுக்க ஒரே குழப்பம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கோப்பு கெடவில்லை. எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரேமாதிரி தெரியவைக்கும் யூனிகோடு முறை பரவலாவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துத்தான் எழுத்துருக்களைச் செய்தார்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழும் இல்லை. எழுத்துருக்கள் இருப்பதோ விண்டோஸ் ஃபோல்டருக்குள். டாக்குமெண்ட்ஸை நகலெடுத்தால் அவை வராது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் 1980களிலேயே வந்துவிட்ட நாடு இது. கணினியில் தமிழ் எழுதுவதை நாம் சீக்கிரம் தொடங்கியதால், அப்படிப்பட்ட கோப்புகள் கோயிலிலும் பள்ளியிலும் சங்கத்திலும் கிடக்கின்றன. நல்லவேளை, பழைய டிஸ்க்கை நான் அழிக்கவில்லை. அதிலிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டதும் தீமிதிக் கணக்கு, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் திரும்பின.

அதனால் பல வருடத் தமிழ்க் கோப்புகள் உள்ள கணினிக்கும், நிறுவும் சிடி தொலைந்துபோன கணக்கு மென்பொருள் ஓடும் கணினிக்கும் என் பதில் குளோனிங்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை: பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினாலோ, டிஸ்க்கைக் காதருகே வைத்தால் டக், டக் என்று தட்டினாலோ குளோனிங்கை மறந்துவிடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால், நடுவிலேயே நின்றுவிடலாம். அங்கே முக்கியமான கோப்புகளையும் எழுத்துரு ஃபோல்டரையும் முதலில் வெளியே எடுத்துவிட்டு, புது விண்டோஸ் ஏற்றுவதே சரி. திறக்கவே மறுக்கும் டிஸ்க் என்றால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகுதான் திரும்பி வரும்.

அளவு விஷயத்தில் குளோனிங் கொஞ்சம் அடம்பிடிக்கும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி வருகிறார்கள். உள்ளே 120 ஜிபிதான் இருக்கிறது, ஆனாலும் குளோன்சில்லா என்ற இலவசக் குளோனிங் மென்பொருள் வழக்கமான அமைப்பில் மறுத்துவிடும். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பது அதன் கணக்கு. சில எஸ்எஸ்டி நிறுவனங்கள் தரும் மென்பொருள்கள் பயன்பாட்டில் உள்ளதை மட்டும் நகலெடுத்து இதைச் சமாளிக்கும். வாங்கும்போதே 500 அல்லது 512 என்று கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. புது விண்டோஸ் என்றால் 240 கூடப் போதும்.

நேரத்தில் குளோனிங்தான் முந்தும். யூஎஸ்பி 3 கேபிளில் 120 ஜிபி பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பழைய யூஎஸ்பி 2 என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். புது விண்டோஸும் சீக்கிரமே ஏறிவிடும். அப்புறம் பிரிண்டர், தட்டச்சு மென்பொருள், பாஸ்வேர்டுகள் என்று ஒரு நாள் ஓடிவிடும். விண்டோஸ் உரிமத்தைப் பற்றிப் பயம் வேண்டாம், டிஜிட்டல் உரிமம் டிஸ்க்கோடு அல்ல, கணினியின் மதர்போர்டோடுதான் பிணைந்திருக்கிறது.

எந்த வழியானாலும் வேலையைக் காலையில் தொடங்குங்கள். நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி இறங்கி மின்சாரம் போனால், பாதி குளோன் ஆன டிஸ்க் எதற்கும் உதவாது, மறுபடி முதலிலிருந்துதான். பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, குளோனிங்கில் அதிலிருந்து படிக்கத்தான் செய்கிறோம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. குளோன் செய்தால் அதே விண்டோஸ் 10தான் வரும். உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெற்றிருந்தால், குளோனிங் முடிந்த பிறகு அதன்மேலேயே மேம்படுத்தலாம். மென்பொருள்களும் எழுத்துருக்களும் அப்படியே நிற்கும்.

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்துக் கணினியை எழுப்புங்கள். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால், சேர்த்து மாட்டினால் விண்டோஸ் குழம்பும். கோயில் டிஸ்க்கை நான் தேதி எழுதி ஒட்டிச் செயலாளர் ஐயாவிடமே கொடுத்தேன். ரசீதுப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.