பெங்களூருக்குப் புதிதாகக் குடிவருபவர்களின் கவனத்துக்கு: விடியற்காலை ஆட்டோவும் உணவக ரசீதில் சேரும் சேவைக் கட்டணமும்

வேலை மாற்றத்தின் காரணமாகக் கடந்த 2025 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தேன். அறுபத்தேழு வயதான அம்மாவும் என்னுடன் வந்தார். வந்து பத்து நாள் ஆவதற்குள் இரண்டு இடங்களில் எங்களிடமிருந்து முறையற்ற வகையில் பணம் வாங்கப்பட்டது. முதலாவது, பேருந்திலிருந்து இறங்கிய விடியற்காலையில் ஏறிய ஆட்டோ. இரண்டாவது, ஊழியர்கள் மிகுந்த மரியாதையுடன் நடந்துகொண்ட ஓர் உணவகம். இரண்டிலும் சேர்த்து நாங்கள் கூடுதலாகக் கொடுத்தது எண்ணூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு இடத்திலும் சட்டமும் கட்டண விதியும் தெளிவாக எங்கள் பக்கம் இருந்தன. அது தெரியாததால் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த விவரம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்பதை, அடுத்து மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நெல்லையிலிருந்து மாலை ஐந்தரை மணிக்குக் கிளம்பும் ஆம்னி பேருந்தில் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். எங்கள் வாடகை வீடு மாரத்தஹள்ளியில் இருப்பதால் இறங்கும் இடமாக மாரத்தஹள்ளி பாலத்தையே தேர்ந்தெடுத்திருந்தேன். சீட்டிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. விடியற்காலை நான்கு இருபதுக்குச் சில்க் போர்டு சந்திப்பில் பேருந்தை நிறுத்திய உதவியாளர், எல்லோரும் இங்கேயே இறங்கிக்கொள்ள வேண்டும் என்றார். சீட்டைக் காட்டியபோது, "மாரத்தஹள்ளிக்கு நீங்க ரெண்டு பேருதான்க்கா, ரெண்டு பேருக்காக வண்டி ரிங் ரோட்டுல போகாது" என்று சொல்லிவிட்டு, எங்கள் பைகளைப் பக்கவாட்டு டிக்கியிலிருந்து எடுத்து நடைபாதையில் வைத்துவிட்டார். முழுத் தூரத்துக்கும் கட்டணம் வாங்கியவர்கள் அதில் பதினொரு கிலோமீட்டரைக் குறைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் நான் அங்கே வாக்குவாதம் செய்யவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தேன்: இறங்கிய இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் நேரத்துடன் படமெடுத்து வைத்தேன். அந்தப் படத்தையும் இறங்குமிடம் அச்சாகியிருந்த சீட்டையும் இணைத்து முன்பதிவுச் செயலிக்கு எழுதியதில், ஆறாம் நாள் 250 ரூபாய் திரும்பி வந்தது. படம் இல்லாதிருந்தால் வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

பேருந்து நகர்வதற்கு முன்பே நான்கைந்து ஆட்டோக்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் நல்ல தமிழில், "அம்மாவ வச்சுக்கிட்டு இந்த இருட்டுல எங்கக்கா நிப்பீங்க, வாங்க" என்றதும் எனக்கு ஊர்க்காரரைக் கண்டதுபோல் ஆறுதலாக இருந்தது. மீட்டர் போடச் சொன்னேன். இந்த நேரத்தில் யாரும் மீட்டர் போடுவதில்லை, 450 கொடுங்கள் போதும் என்றார். மூட்டு வலியோடு அம்மா பையின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்ததால் ஒப்புக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கியபோது 450 என்றது ஆளுக்கு என்றும், இரண்டு பேருக்கு 900 என்றும், பைகளுக்கு வேண்டுமானால் எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார். கடைசிப் பையை இறக்காமல் அதன் மேல் கையை வைத்தபடியே பேசிக்கொண்டிருந்தார். தெருவில் வேறு யாரும் இல்லை. "சண்ட வேண்டாம்ளா, குடுத்துட்டு வா" என்று அம்மா சொன்னதும் 900 ரூபாயைக் கொடுத்தேன்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 2025 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு நகருக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ள ஆட்டோ கட்டணம், முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன் பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை இதில் ஒன்றரை மடங்கு வாங்கலாம். நாங்கள் வந்த பதினொரு கிலோமீட்டருக்குப் பகல் கட்டணம் 198 ரூபாய். இரவுக் கட்டணம் 297 ரூபாய். முதல் 20 கிலோ சுமைக்குத் தனிக் கட்டணம் கிடையாது; எங்களுடைய அதிகப்படியான பைகளுக்கு உரியதைச் சேர்த்தாலும் 320 ரூபாயைத் தாண்டியிருக்காது. மீட்டர் கட்டணம் வண்டிக்கு உரியது. ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கே அதில் இல்லை. ஆகவே "ஆளுக்கா, வண்டிக்கா" என்ற ஒரு கேள்வியை ஏறுவதற்கு முன்பே, பக்கத்தில் மற்ற ஓட்டுநர்கள் நிற்கும்போதே கேட்டு, பதிலை வாய்விட்டுச் சொல்ல வைத்துவிடுங்கள்.

பெங்களூரு ஆட்டோக்களில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பயணியின் பார்வைக்கு நேரே, ஓட்டுநரின் புகைப்படமும் பெயரும் உள்ள அடையாள அட்டை மாட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆட்டோவில் அதற்கான பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே அட்டை திருப்பிச் செருகப்பட்டு வெள்ளைப் பக்கம் மட்டுமே தெரிந்தது. அதை நான் வழி நெடுகப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், ஆனால் அதன் பொருள் எனக்குப் புரியவில்லை. வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளாததால், போக்குவரத்துக் காவல்துறையின் செயலியில் புகார் கொடுக்க முயன்றபோது எழுதுவதற்கு என்னிடம் எந்த விவரமும் இல்லை. ஏறியவுடன் அட்டையையும் எண் பலகையையும் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள். அட்டை திரும்பியிருந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். உயிருக்கோ பொருளுக்கோ அச்சம் தோன்றினால் 112 எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். நம்ம யாத்ரி போன்ற, ஆட்டோ அழைக்கும் செயலிகளில் தொகை முன்பே தெரிந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் அதுவே நல்லது. இன்னும் எளிய வழி, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் விடியும்வரை காத்திருப்பது. சில்க் போர்டிலிருந்து ரிங் ரோடு வழியாக மாரத்தஹள்ளியைத் தாண்டி ஹெப்பாள் வரை 500-டி நகரப் பேருந்து செல்கிறது. கர்நாடக அரசின் பெண்களுக்கான இலவசப் பயணம் அந்த மாநில முகவரிச் சான்று உள்ளவர்களுக்குத்தான் என்பதால், நம் ஊர் ஆதாரை வைத்திருக்கும் பெண்கள் சீட்டு வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது உணவகம். எரிவாயு இணைப்பை இங்கே மாற்றி வாங்க ஒன்பது நாள் ஆனது. அதுவரை மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிட்டோம். தெருமுனையில் இருந்த தர்ஷினி உணவகங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. விலைப் பலகையைப் பார்த்து, முன்பணம் கட்டி, டோக்கனைக் கொடுத்தால், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வரலாம். பலகையில் எழுதியதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அங்கே யாரும் கேட்டதில்லை. ஆனால் அம்மாவால் நெடுநேரம் நிற்க முடியாது. எட்டாம் நாள் இரவு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடட்டும் என்று பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன்.

உட்கார்ந்தவுடன் பரிமாறுபவர் இரண்டு தண்ணீர் பாட்டில்களின் மூடியைத் திருகித் திறந்து டம்ளர்களில் ஊற்றினார். நாங்கள் கேட்கவில்லை, சாதாரணத் தண்ணீர் போதுமா என்று அவரும் எங்களைக் கேட்கவில்லை. திறந்த பாட்டிலை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அம்மா தயங்கினார். ஒரு பாட்டில் 60 ரூபாய். சாப்பாடு நன்றாகவே இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ரசீது கருப்பு நிறத் தோல் அட்டைக்குள் வந்தது. மேலே சோம்பும் கற்கண்டும் வைத்த சிறு கிண்ணம் இருந்தது. ரசீதில் உணவும் தண்ணீரும் சேர்ந்து 1,460 ரூபாய். அதன் கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம், 146 ரூபாய். அந்த இரண்டையும் கூட்டிய 1,606 ரூபாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 80 ரூபாய் 30 காசு. மொத்தம் 1,686 ரூபாய் 30 காசு. சேவைக் கட்டணமும் ஓர் அரசு வரி என்று நினைத்துப் பேசாமல் கட்டியிருப்பேன். எனினும் கேட்டுப் பார்ப்போமே என்று மேலாளரை அழைத்தேன். அவர் மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஐஸ்கிரீம் வகைகளுக்குக் கீழே, பழுப்புத் தாளில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அந்த 10 சதவீதம் அச்சாகியிருந்தது. "மெனுவுலயே போட்டிருக்கோம் மேடம், இது கம்பெனி ரூல்" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டிவிட்டேன்.

அவர் சொன்னது தவறு. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேறு எந்தப் பெயரிலும் அதை வாங்கக் கூடாது, அது வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், கட்ட மறுப்பவருக்கு அனுமதியோ சேவையோ மறுக்கக் கூடாது, அதை உணவு விலையுடன் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது என்பவை அதிலுள்ளவை. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்ததால் சில ஆண்டுகள் இது தடைபட்டிருந்தது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்ததோடு, மனுதாரர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. ஆகவே மெனுவில் அச்சடித்துவிட்டதால் அந்தத் தொகை கட்டாயமாகிவிடாது. எங்கள் ரசீது 1,460 ரூபாயும் அதற்கான 73 ரூபாய் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,533 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டும். கூடுதலாக வாங்கப்பட்டது 153 ரூபாய் 30 காசு.

பரிமாறுபவருக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அன்று எங்களுக்குப் பரிமாறிய பையன் அம்மாவின் காலைக் கவனித்து, தானே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவன் கையில் நானாக நூறு ரூபாய் கொடுத்திருப்பேன். ரசீதில் 146 ரூபாய் பிடித்த பிறகு கொடுக்க மனம் வரவில்லை. அந்த 146 அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அறிய எனக்கு வழியும் இல்லை. என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

வீட்டுக்கு வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. ரசீதின் படத்தை ஏற்றச் சொன்னார்கள். புகார் எண் ஒன்று வந்தது. பதினொன்றாம் நாள் உணவகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசி, வருத்தம் தெரிவித்து, 153 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பினார். இதற்கு எனக்கு ஒரு பைசாவும் செலவாகவில்லை. உதவி எண்ணில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதிவு செய்யலாம் என்பது எங்களைப் போல ஊர் மாறி வந்தவர்களுக்கு மிகவும் பயன்படும்.

ரசீதைக் கேட்டு வாங்குங்கள், பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டியில் மத்திய, மாநில அரசுகளின் பங்குகளான சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம் என்ற இரண்டு வரிகள் மட்டுமே இருக்க வேண்டும். சேவைக் கட்டணத்தை நீக்கித் திருத்திய ரசீது கேளுங்கள்; மறுத்தால் அங்கேயே உட்கார்ந்தபடி 1915 எண்ணை அழைக்கலாம்.

பணம் திரும்பி வந்ததும் நான் இதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சென்ற வாரம் அலுவலகத் தோழி ஒருத்தி அதே உணவகத்துக்குக் குடும்பத்துடன் போய்விட்டு வந்து ரசீதைக் காட்டினாள். தேதி மட்டும்தான் மாறியிருந்தது. அதே இடத்தில் அதே 10 சதவீதம் அச்சாகியிருந்தது. என்னிடம் வருத்தம் தெரிவித்தவர்கள் மற்றவர்களிடம் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்று மதியமே அவள் ரசீதையும் இருவருமாகச் சேர்ந்து 1915-க்கு அனுப்பினோம்; புகார் எண் வந்திருக்கிறது.