தஞ்சோங் பகார் 'விண்டேஜ்' பார்: 65 வெள்ளி கொடுக்குமுன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் பக்கம், பழைய கடைவீட்டு மாடியில் இருக்கும் பார். பெயரை இங்கே நான் போடவில்லை. உள்ளே 1920களின் அமெரிக்க மதுவிலக்குக் கால அலங்காரம். சிங்கப்பூரில் அப்படியொரு மதுவிலக்கு இருந்ததே இல்லை, அது வேறு விஷயம்.

விவகாரம் '1960களின் போர்பன்' (அமெரிக்க விஸ்கி) ஊற்றிய ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயில். விலை 65 வெள்ளி. எத்தனை மில்லி என்று பட்டியலில் இல்லை. வழக்கமாக 45 முதல் 60 மில்லி போர்பன், சர்க்கரை, இரண்டு மூன்று சொட்டு பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு, மேலே ஆரஞ்சுத் தோல். கண் முன்னால் ஜிக்கர் என்ற அளவுக் குவளையில் அளந்து ஊற்றவேண்டிய சரக்கு இது. இங்கே முன்பே கலந்துவைத்த குடுவையிலிருந்து நேராகக் கிளாசுக்கு வந்தது. சர்க்கரையும் பிட்டர்ஸும் சேர்ந்துவிட்டால் எந்த போர்பன் என்று நாக்கு சொல்லாது. அந்தத் தைரியம்தான்.

புட்டியைக் கேட்டதும் முன்பக்கத்தை மட்டும் காட்டினார்கள். பின்பக்கம் திருப்பினால் கதை தெரிந்துவிட்டது: '750 மில்லி', பார்கோடு, கர்ப்பிணிகளுக்கான அமெரிக்க அரசின் எச்சரிக்கை வாசகம். அந்த வாசகம் 1989 நவம்பரில்தான் கட்டாயமானது. கடைகளில் பார்கோடு வந்ததே 1974இல். அமெரிக்க மதுப் புட்டிகளில் மில்லி அளவு 1980 முதல் கட்டாயம். 1960களின் புட்டியில் 'குவார்ட்' என்ற பழைய அமெரிக்க அளவுதான் இருக்கும். மூன்றில் ஒன்று போதும், மூன்றும் இருந்தன. லேபிள் சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். காலிப் புட்டியில் புதுச்சரக்கை நிரப்புவது பழைய வேலை. சீல் உங்கள் முன்னால் உடைந்தால் மட்டும் அந்த விலை கொடுங்கள்.

28 வெள்ளி நெக்ரோனி காக்டெயிலும் சரியில்லை. ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, இனிப்பு வெர்மூத் தலா 30 மில்லி என்பது கணக்கு. வெர்மூத் திராட்சை மது. திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். இவர்கள் அதை விளக்குச் சூட்டில் அலமாரியில் அழகுக்கு அடுக்கியிருக்கிறார்கள். கிளாசில் காடி வாடை. ஐஸும் நடுவில் ஓட்டை உள்ள மெஷின் ஐஸ், சீக்கிரம் கரைந்து தண்ணீராகிவிடும்.

அடுத்தது பில். கேட்காமல் வைத்த கடலைத் தட்டு 9, கேட்காமல் திறந்த தண்ணீர்ப் புட்டி 8. மொத்தம் 110 வெள்ளி. 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு 121, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, ஆக 131.89. விலைக்குப் பக்கத்தில் '++' (இந்த இரண்டும் தனி என்று பொருள்) இருந்தால் 1.199ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். '++' போடுவது சட்டப்படி சரிதான், சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு அந்த அனுமதி உண்டு. கேட்காத தட்டுக்குப் பணம் வாங்குவது வேறு. கடலை, தண்ணீர் இரண்டால் மட்டும் 20.38 வெள்ளி கூடியது. வைத்தவுடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பில்லைக் கட்டுமுன் பட்டியல், ரசீது, புட்டியின் பின்லேபிள் மூன்றையும் படமெடுங்கள். பயனீட்டாளர் சங்கத்துக்குப் போனால் இவைதான் உதவும்.