லாங்போமேனா, ப்ளூம்ட் ஆர்ச்சரா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ங்கிற கம்ப்யூட்டர் கேம்ல பிரிட்டன்ஸோட வில்லாளி லாங்போமேன் பெருசா, மாயன்ஸோட வில்லாளி ப்ளூம்ட் ஆர்ச்சர் பெருசான்னு எங்க செட்ல இன்னும் சண்டை ஓயல. லாங்போவோட பலமே தூரம்தான், எலீட்ங்கிற அடுத்த லெவலுக்கு ஏத்தி, யோமேன் வரைக்கும் எல்லா அப்கிரேடும் போட்டுட்டா ரேஞ்ச் 12, முழுசா அப்கிரேட் ஆன சாதாரண கோட்டைக்கே 11தான், அதனால கோட்டை அம்பு படாத எடத்துல நின்னுக்கிட்டே ரிப்பேர் பண்ண ஓடிவர்ற வில்லேஜர ஒவ்வொண்ணா சாய்ச்சிடலாம், அதப் பாக்கறதே தனி சொகம். ஆனா உயிர் வெறும் 40, குதிரைப்படை பக்கத்துல வந்துட்டா அவ்ளோதான். வேகமா, குறி தப்பாம அம்பு விட வைக்கிற தம்ப் ரிங் அப்கிரேடும் பிரிட்டன்ஸுக்கு கெடையாது.

ப்ளூம்ட் வேற மாதிரி. எலீட்டுக்கு உயிர் 65, வேகம் 1.2, லாங்போவுக்கு 0.96தான். கல்லெறியற மெஷினான ஓனேஜர்லேர்ந்து கல்லு கெளம்பினதும் கூட்டத்த ரெண்டா பிரிச்சு ஓட்டினா முக்கால்வாசி தப்பிச்சிரும், லாங்போவ வச்சு அதே மாதிரி செஞ்சா பாதி அங்கயே காலி. ரேஞ்ச் 8, அடியும் கம்மிதான்.

அரேபியா மாதிரி தெறந்த மேப்னா கண்ண மூடிட்டு ப்ளூம்ட் எடுப்பேன். காடு அடைச்ச பிளாக் ஃபாரஸ்ட் மேப்ல, முன்னாடி குதிரைப்படைய தடுக்கற ஹால்பர்டியர் நிப்பாட்டி வச்சிருந்தா லாங்போதான்.