கம்பெனி சர்வீஸா, ஊர்ப் பட்டறையா? எந்த வேலையை யாரிடம் விடுவது

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. ஒரு கட்சி, என்ன செலவானாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் வண்டியை விடாது. இன்னொரு கட்சி, வாரண்டி முடிந்த மறுநாளே தெரிந்த மெக்கானிக்கின் பட்டறைக்கு மாறிவிடும். இருவருமே பணத்தை விடுகிற இடங்கள் உண்டு. வேலைக்கு வேலை ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. ஆயில் மாற்ற நம்பலாம் என்கிற ஒருவரை ஏர்பேக் வயரில் கைவைக்க விடக்கூடாது. அதேபோல, எலி கடித்த இரண்டு வயருக்காக சென்டரில் முழு ஹார்னஸ் (காரின் வயர் கட்டு) வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

வாரண்டி இருக்கும்வரை

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம், கம்பெனி சென்டர்தான். இலவச சர்வீஸ் என்றால் லேபர் மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஒருமுறை கை வைத்தாலே வாரண்டி போய்விடும் என்று கவுன்டரில் சொல்வார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்துப் பிறப்பித்த உத்தரவில் இதைப் பற்றியும் பேசியிருக்கிறது. வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது; அந்த வேலையால் வந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. அந்த வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. கவுன்டரில் நின்று இதைப் பேசி ஜெயிப்பது கஷ்டம் என்பதால், வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வர முடியாமல் ஊரிலேயே ஆயில் மாற்ற நேர்ந்தால், கிலோமீட்டர், தேதி, ஆயில் கிரேடு எழுதிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

ரீகால் (தயாரிப்புக் குறைக்காக நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் சென்டரில் இலவசமாக மாற்றுவார்கள். சேஸி நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் தெரியும். பட்டறைக்கே போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஆயில் சர்வீஸ்

வாரண்டி முடிந்தபின் இதைப் பட்டறையில் செய்யலாம், ஆனால் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். சின்ன பெட்ரோல் காருக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டருக்குள்தான் ஆயில் பிடிக்கும். எந்த கிரேடு என்று கார் புத்தகத்தில் இருக்கும். புதிய இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில். பேரலில் இருந்து அளந்து ஊற்றும் கெட்டியான ஆயிலை அதில் விட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஏறத் தாமதமாகும், வால்வ் டைமிங்கை மாற்றும் பாகங்கள் மந்தமாகும், மைலேஜும் குறையும். சீல் வைத்த கேனை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் கெட்டுப்போவது பெரும்பாலும் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கில். அலுமினிய சம்ப்பில் (ஆயில் தேங்கும் தொட்டி) ஸ்பேனரை இழுத்து முறுக்கினால் மரை போய்விடும். பிறகு மாதக்கணக்கில் சொட்டும். பழைய வாஷரையே திரும்பப் போட்டாலும் கசியும். புது வாஷர் சில ரூபாய்தான். வீல் நட்டும் அப்படியே: சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் போதும். காற்றழுத்த கன்னை வைத்து முறுக்கி அனுப்பினால் பஞ்சர் அன்று ரோட்டோரத்தில் கழற்ற முடியாது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கிற பட்டறையா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதி ஆட்களைப் பிரித்துவிடும்.

சென்டரில் மரை போவது குறைவு. அங்கே பில்தான் வளரும். இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், இன்ஜெக்டர் அடிட்டிவ் என்று ஜாப் கார்டில் (வேலைப் பட்டியல்) சேரும் வரிகளில் பெரும்பாலானவை கார் புத்தகத்தின் பராமரிப்பு அட்டவணையில் இருக்காது. அட்டவணையில் இல்லாததை, காரில் குறையும் இல்லாதபோது, நீக்கிவிடச் சொல்லலாம். கேபின் ஃபில்டர் பல கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், ஐந்து நிமிட வேலை. தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசியும் ரோட்டில் காயும் வைக்கோலும் அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். நீங்களே மாற்றலாம்.

ஒரே பாகம், மூன்று பெட்டி

ஸ்பேர் விஷயத்தில் சென்டரில் கார் கம்பெனி பெட்டியில் வருவது மட்டும்தான் கிடைக்கும். பட்டறைக்காரர் அதோடு, காருக்குப் பாகம் செய்து தரும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பதையும் வாங்கிவர முடியும். பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டிவிஎஸ், ஸ்டியரிங் பாகங்களுக்கு ரானே என்று தமிழ்நாட்டிலேயே பெரிய தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது பெட்டியில்தான் உண்மையான மிச்சம். மூன்றாவது பெட்டி டூப்ளிகேட். பிரேக் பேட், டைமிங் பெல்ட், ஆயில் ஃபில்டர் மூன்றிலும் அதைத் தொடவே கூடாது. பிரேக் பேட் புதிதில் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும், மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும். கழற்றிய பேடைக் கையில் வாங்கிப் பார்த்தால் பொய் சொல்ல இடமில்லை. "அண்ணே, பழசை எல்லாம் டிக்கியிலயே போட்டுருங்க" என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

பாட்டம் ஒர்க், கிளட்ச்

வண்டிக்கு அடியில் பார்க்கும் சஸ்பென்ஷன் வேலையும் கிளட்சும் பட்டறையின் சொந்த மைதானம். வேகத்தடையில் "கடகட" என்று சத்தம் வந்தால் பார்க்க வேண்டிய வரிசை: லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், கடைசியில்தான் ஷாக் அப்சார்பர். ஷாக் போனதற்கு அடையாளம் அதன் உடம்பில் வழிந்திருக்கும் ஆயில். காய்ந்து சுத்தமாக இருந்தும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். நல்ல பட்டறையில் புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் ஏற்றித் தருவார்கள், சென்டரில் முழு ஆர்மும் மாற்றுவதே வழக்கம். டை ராடோ ஆர்மோ கழற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கிளட்ச் போய்விட்டது என்றால் முதலில் நீங்களே பாருங்கள். சமதரையில், முன்னால் ஆள் யாரும் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் டிஸ்க் பிடிக்கிறது, ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. கியர்பாக்ஸை இறக்குவதுதான் இதில் பெரிய லேபர். அதனால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இன்ஜின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிட வேண்டும். டிஸ்க்கை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர் ஆறு மாதத்தில் அதே லேபரை மறுபடி கொடுக்க நேரும்.

சூடு ஏறினால்

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இதில் இருக்கிறது. நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் அலுமினியக் கோர் உள்ளிருந்து அரிக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி என்பதே பொதுவான கலவை. கலந்தே விற்கும் கூலண்ட் என்றால் தண்ணீர் சேர்க்கவே கூடாது.

பழைய பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்து ஒட்டிய கைப்பழக்கத்தில், பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரையும் ஒட்டித் தருகிறோம் என்பார்கள். அந்த ஒட்டு அழுத்தத்துக்கு நிற்காது. இங்கே சென்டர் சொல்வதுதான் சரி, புதிதாகப் போடுங்கள்.

பட்டறைகளில் இன்னொரு பழைய பழக்கம், சூடு ஏறினால், கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது. இன்றைய காரில் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், பி0128 எரர் கோடோடு இன்ஜின் விளக்கும் எரியும். ஃபேன் ரிலே, ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்காமல் தெர்மோஸ்டாட்டில் கைவைப்பவரிடம் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே வரும் சீல்) வேலையைக் கொடுக்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து வளைவு பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் லேத் பட்டறையில் சீவ வேண்டும். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை, திரும்பப் போடக் கூடாது. போல்ட்டும் புதிதா என்று கேளுங்கள்.

ஏசியும் எலியும்

இந்த இரண்டுக்கும் அந்தந்த வேலையை மட்டும் செய்பவர்தான் சிறந்தவர்.

ஏசி கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருளல்ல. சில மாதங்களிலேயே குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. நல்ல ஏசிக்காரர் முதலில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவைத் தேடுவார், சரிசெய்தபின் அரை மணி நேரமாவது வாக்குவம் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவார், பிறகு பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவைத் தராசில் வைத்து ஏற்றுவார். காற்று முகத்தில் ஜில்லென்று படும்வரை சிலிண்டரைத் திறந்துவைப்பவரிடம் இருந்து கிளம்பிவிடுங்கள். கேஸ் அதிகமானாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. அறுவடைக் காலத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்ஸரில் வைக்கோல் தூசி அப்பியிருந்தாலே ஏசி மந்தமாகும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் சரியாகிவிடுவதும் உண்டு. டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் கசிந்து டாஷ்போர்டை முழுக்க இறக்க வேண்டி வந்தால் மட்டும் சென்டரை யோசிக்கலாம். கிளிப் உடைந்தால் அவர்களிடம் புதுசு கிடைக்கும், வண்டி ஓடும்போது டாஷ்போர்டு கிறீச்சிடாது.

வயலோரம் நிறுத்தும் கார்களில் அறுப்பு முடிந்ததும் எலி பானட்டுக்குள் வரும். சென்டரில் பதில் பெரும்பாலும் ஹார்னஸ் மாற்றுவது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடிபட்ட இடத்தை வெட்டி, அதே கனத்தில் வயர் சேர்த்து, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுவார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஐப்பசி மழையில் பச்சை பூத்துவிடும். ஆனால் ஏர்பேக் வயர், பொதுவாக மஞ்சள் நிறக் கனெக்டரில் இருக்கும், அதை எங்கும் ஒட்டவே கூடாது. அதற்கு மட்டும் சென்டர்.

பிஎஸ்-6 டீசல்

பிஎஸ்-6 புகை விதி அமலான 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி இருக்கும். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் அது சூடேறிக் கரியை எரிக்க நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்ததும் புறவழிச்சாலையில் இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். அணையாவிட்டால் கம்பெனி ஸ்கேனர் வேண்டும். வடிகட்டியைக் குடைந்து காலி செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், புகைச் சோதனையிலும் மாட்டும், இன்ஜின் கணினியும் ஏற்காது. எந்தக் காரிலும் ஸ்கேனரில் எரர் கோடு மட்டும் படித்துவிட்டு சென்சாரை மாற்றச் சொன்னால் நம்ப வேண்டாம். எரர் கோடு எந்த மின்சுற்றில் குறை என்று மட்டும் சொல்லும். வயரையும் வோல்டேஜையும் மீட்டரில் பார்த்தபின்தான் பாகம்.

தண்ணீரில் நின்ற கார்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சைலன்ஸருக்கு மேல் தண்ணீர் ஏறி நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, தண்ணீர் ஏறிய அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, தூக்கிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள். ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தைச் சாதாரண பாலிசி தராது, இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் வேண்டும். இங்கே, இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் பட்டியலில் உள்ள இடத்துக்கே விடுவது நல்லது, பட்டியலில் தனியார் பட்டறைகளும் இருக்கக்கூடும். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்முன் யாரும் எதையும் பிரிக்கக் கூடாது. ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

பில், தகராறு

சென்டர் பில்லில் லேபருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி; 5,000 ரூபாய் லேபருக்கு 900 ரூபாய் வரி. உதிரிபாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்னப் பட்டறை பதிவு செய்ய வேண்டியதில்லை, அதனாலேயே அங்கே தொகை குறையும். பதிவில்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கக் கூடாது. வாங்கினால் 15 இலக்கப் பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும்.

பட்டறையில் பில் கேட்கச் சங்கடப்படாதீர்கள். துண்டுச்சீட்டு ஆனாலும் வண்டி எண், கிலோமீட்டர், மாற்றிய பாகம், தொகை, தேதி, கையெழுத்து இருந்தால் போதும். எஸ்டிமேட்டைத் தாண்டினால் போனில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. டிக்கியில் வாங்கி வைத்த பழைய பாகமும் கையெழுத்திட்ட சீட்டும் அங்கே சாட்சியாகும்.