சைலோபோனுக்கு எந்த மைக், எங்கே வைப்பது? திருகோணமலையில் பதிவு செய்வோருக்கு ஓர் ஒப்பீடு

பாடசாலை பாண்ட் குழுக்களில் பெல் லைராவும் (கோலால் தட்டும் உலோகத் தகடுகள்) சைலோபோனும் (கோலால் தட்டும் மரக்கட்டைகள்) வாசிக்கும் பிள்ளைகள் தங்கள் வாசிப்பைப் பதிந்து பகிர ஆசைப்படுகிறார்கள். அவர்களும் அவர்களுடைய மாஸ்டர்மாரும் முதலில் கேட்பது “எந்த மைக் வாங்கலாம்?” என்பதுதான். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அறைக்குள் பதிவதென்றால் சிறு டயபிரம் (ஒலி பட்டு அசையும் படலம்) கண்டென்சர் மைக் இரண்டு, எக்ஸ்-வை முறையில் (இரண்டின் தலைகளும் ஒரே இடத்தில்), கட்டைகளுக்கு ஒரு மீற்றர் மேலே. மைதானத்தில் பதிவதென்றால் டைனமிக் மைக். இந்த முடிவுக்கு மைக்கின் விலையைவிட வாத்தியத்தின் குணமே காரணம்.

சைலோபோன் கட்டையில் கோல் பட்டதும் ஒரு கணம் “டக்” என்ற மரச்சத்தம் வரும். அது உடனே அடங்கிவிடும். பிறகு நிற்பது ஏறக்குறைய ஒரே அதிர்வெண்தான். கட்டையின் அடிப்பக்கத்தை வளைவாகச் செதுக்குவது, அதோடு வரும் மேலதிர்வைச் சுருதி சேர்க்கவே: சைலோபோனில் இரண்டாம் அதிர்வு முதலாவதின் மூன்று மடங்காகவும், அதன் உறவு வாத்தியங்களான மரிம்பாவிலும் (தாழ்ந்த சுருதி மரக்கட்டைகள்) வைப்ரஃபோனிலும் (உலோகத் தகடுகள்) நான்கு மடங்காகவும் சுருதி சேர்க்கப்படும். மனிதக் குரலில் இருப்பதுபோல ஏராளமான மேலதிர்வுகள் இங்கே கிடையாது. ஆகவே, அந்த “டக்”கைப் பிடிக்க வேகமான மைக் வேண்டும். அடுத்து வரும் தூய ஒலியைச் சிதைக்காத இடத்தில் அதை வைக்கவும் வேண்டும்.

முதலில் மைக். ஷுவர் எஸ்எம்57 என்ற டைனமிக் மைக் வாடகைக்கு ஒலிபெருக்கி விடும் கடைகளில்கூட இருக்கும். 1965 முதல் சந்தையில் உள்ளது, கீழே விழுந்தாலும் இலேசில் பழுதாகாது. ஆனால் டைனமிக் மைக்கில் டயபிரத்தோடு ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்து அசைய வேண்டும். அந்தப் பாரத்தால் அடியின் முனை மழுங்கிவிடும். 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே அது பெரிதாக எதையும் எடுப்பதும் இல்லை. சைலோபோனில் கட்டையின் உடம்பு கேட்கும். கோலின் கூர்மை கேட்காது. பெல் லைராவில் இதே குறை சில வேளை நன்மையாகிவிடும், ஏனென்றால் உலோகத் தகட்டில் கெட்டியான கோல் விழும் சத்தத்தைக் கிட்ட நின்று கேட்டால் காது கூசும்.

ரோட் என்டி5, நோய்மன் கேஎம்184 போன்ற சிறு டயபிரம் கண்டென்சர்களில் அசைவது மெல்லிய படலம் மட்டும். “டக்” அப்படியே வந்து சேரும். இதைவிட முக்கியமான இன்னொரு குணமும் உண்டு: பக்கவாட்டில் இருந்து வரும் ஒலியையும் அவை பெரிதாக நிறம் மாற்றாமல் எடுக்கும். ஏகேஜி சி414 போன்ற பெரிய டயபிரம் மைக்கைப் பாட்டுக்கு நானும் முதலில் எடுப்பேன். ஆனால் அகலமான ஒரு வாத்தியத்தின் இரு ஓரக் கட்டைகளும் மைக்கைச் சரிவாகத்தான் பார்க்கின்றன, அந்தக் கோணத்தில் பெரிய டயபிரத்தின் மேல் அதிர்வெண்கள் மங்கிவிடும். நோய்மனுக்கும் ரோட்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது. சைலோபோனைப் பொறுத்தவரை ஸ்டான்டை முப்பது சென்ரிமீற்றர் நகர்த்தினால் வரும் மாற்றம் அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது.

உயரத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நடுக்கட்டைக்கு இருபது சென்ரிமீற்றர் மேலே மைக் இருக்கிறது, ஓரக்கட்டை நடுவிலிருந்து அறுபது சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரக்கட்டையின் ஒலி மூன்று மடங்கு தூரம் வர வேண்டும்; பத்து டெசிபல் குறைந்துவிடும். அதே மைக்கை ஒரு மீற்றருக்கு உயர்த்தினால் வித்தியாசம் ஒன்றரை டெசிபலுக்குள் அடங்கும். பிள்ளை சீராகத்தான் அடிக்கிறாள், பதிவில் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

உயரமாய் வைத்தால் அறையும் சேர்ந்து பதியும் என்பது நியாயமான மறுப்பு. நம் வீடுகளில் தரை ஓடு, சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல். ஒலி முட்டித் திரும்பாத இடமே இல்லை. அதற்கு நான் மைக்கை இறக்கமாட்டேன். கட்டிலில் இருக்கும் மெத்தையைச் சுவரில் சாத்தி, தரையில் பாய்களை விரித்து, வாத்தியத்தை அறை மூலையிலிருந்து நகர்த்துவேன். கூரை தாழ்வாக இருந்தால் மட்டும் மைக்கை எழுபது சென்ரிமீற்றருக்குக் கொண்டுவரலாம்.

அடுத்தது, இரண்டு மைக்கையும் எப்படி நிறுத்துவது என்பது. பலர் செய்வது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று விரித்து வைப்பது. ஹெட்போனில் கேட்டால் பிரமாதமாக இருக்கும், கட்டைகள் காதின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடும். ஆனால் இந்தப் பதிவைப் பெரும்பாலானோர் தொலைபேசி ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள். அங்கே இரண்டு மைக்கின் ஒலியும் ஒன்றாய்க் கலக்கும். ஒரு கட்டையிலிருந்து இரு மைக்குக்கும் உள்ள தூர வித்தியாசம் பதினேழு சென்ரிமீற்றர் என்றால், 1000 ஹேர்ட்ஸ் அளவில் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும். குரலில் இப்படி நடந்தால் நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சைலோபோனில் அந்த ஸ்வரத்திடம் இருப்பதே ஏறக்குறைய அந்த ஒரு அதிர்வெண் என்பதால் ஸ்வரமே மெலிந்து காணாமல் போய்விடும். பதிவைக் கேட்பவர், வாசித்தவர் அந்தக் கட்டையை விட்டுவிட்டார் என்று நினைப்பார். ஒரு பிள்ளையின் உழைப்புக்கு இது அநியாயம். எக்ஸ்-வை முறையை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எக்ஸ்-வையில் இரண்டு மைக்கின் தலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 பாகைக் கோணத்தில் நிற்கும். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் கலந்தாலும் எதுவும் அழியாது. அகலம் கொஞ்சம் குறையும், அதை நான் மகிழ்ச்சியாக விட்டுக்கொடுப்பேன். பிரெஞ்சு வானொலியில் உருவான ஓஆர்டிஎஃப் முறை (17 சென்ரிமீற்றர் இடைவெளி, 110 பாகை) நல்ல மண்டபத்தில் அழகாக ஒலிக்கும். ஆனால் ஒலி அழியும் அந்த ஆபத்து ஓரக்கட்டைகள் விடயத்தில் இதிலும் ஓரளவு உண்டு. ஐந்து ஸ்தாயி மரிம்பா மட்டும் விதிவிலக்கு. இரண்டரை மீற்றர் நீளத்தை ஒரே புள்ளியிலிருந்து சமமாக எடுக்க முடியாது, அங்கே விரித்து வைத்தே ஆகவேண்டும்.

கட்டைகளுக்குக் கீழே, ஒலியைப் பெருக்கத் தொங்கும் குழாய்களின் பக்கம் மைக் வைப்பதும் உண்டு. மரிம்பாவின் தாழ்ந்த கட்டைகளுக்கு அது நல்ல துணை. மேலே உள்ள மைக்கோடு சேர்க்கும்போது கீழ் மைக்கின் துருவத்தைத் திருப்பி (அலையின் மேட்டைப் பள்ளமாக்கி) கேட்டுப் பார்த்து, எது நிறைந்து ஒலிக்கிறதோ அதையே வைக்க வேண்டும். வைப்ரஃபோனில் கீழே வைத்தால் மிதியின் சத்தமும் மோட்டாரின் சத்தமும் முன்னால் வந்து நிற்கும்.

இனி நம் ஊர்க் காரியம். திருக்கடலூர்ப் பக்கம் அலைச்சத்தம், உவர்மலையில் காகம், எங்கும் ஓட்டோ. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. வழக்கமான மூன்றரை ஸ்தாயி சைலோபோனின் மிகத் தாழ்ந்த கட்டையே 349 ஹேர்ட்ஸ் அளவில்தான் ஒலிக்கும். பெல் லைரா அதற்கும் மேலே. ஆகவே 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தயங்காமல் வெட்டிவிடலாம். எஞ்சின் உறுமலும் காற்றின் அதிர்வும் பெருமளவு போய்விடும், இசையில் ஒன்றும் குறையாது. மரிம்பாவில் இதைச் செய்யக்கூடாது, ஐந்து ஸ்தாயி மரிம்பாவின் அடிக்கட்டை 65 ஹேர்ட்ஸ். கச்சான் வீசும் மாதங்களில் திறந்த மைதானத்தில் கண்டென்சரை நிறுத்துவது வீண். அங்கே நுரையுறை போட்ட எஸ்எம்57 ஒன்றைப் பெல் லைராவுக்கு அரை மீற்றர் தூரம் வரை கிட்டக் கொண்டுபோவதே சரி.

கண்டென்சருக்கு ஈரமும் ஆகாது. மாரி மாதங்களில் படலத்தில் ஈரம் படிந்தால் பொரிவதுபோல் சத்தம் வரும். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப்புகாத பெட்டியில் வைத்திருங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த உடனே வெளியில் திறக்காதீர்கள்.

ஜலதரங்கத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தும், சொல்லப்போனால் இன்னும் நன்றாக. கிண்ணங்கள் அரைவட்டமாக இருப்பதால் அந்த வட்டத்தின் நடுவுக்கு மேலே எக்ஸ்-வை வைத்தால் எல்லாக் கிண்ணமும் ஏறக்குறைய சம தூரத்தில் அமையும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்: அதன் இரைச்சல் ஒருபுறமிருக்க, தண்ணீர் வற்றிச் சுருதியும் மெல்ல ஏறும்.

காசு குறைவென்றால் ஸூம் எச்5 போன்ற கைப்பதிவுக் கருவி போதும். எக்ஸ்-வை மைக் அதிலேயே இருக்கிறது, பிறகு கண்டென்சர் வாங்கினால் அதற்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் கொடுத்து அதிலேயே இணைக்கலாம். தொலைபேசியில் பதிவதென்றால் தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்த இடமளிக்கும் செயலியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பலத்த அடிக்குப் பிறகும் அடுத்த ஸ்வரங்கள் அமுங்கிப் போகும். எதில் பதிந்தாலும் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒரு நல்ல மைக் மட்டும் வாங்கக் காசு இருந்தால், தரம் குறைந்த சோடி வாங்காமல் அந்த ஒன்றையே வாங்கி, நடுவில் ஒரு மீற்றர் உயரத்தில் வைத்து மோனோவில் பதியுங்கள்.