இரண்டு ராணிகளின் வழியில் ஒருநாள்: நாகர்கோவிலிலிருந்து அஞ்சுதெங்கு வரை ஒரு வேன் பயணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் ஒருநாள் வரலாற்றுச் சுற்றுலா ஒன்றுக்குப் போய் வந்தோம். விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு ஆரல்வாய்மொழி, பத்மநாபபுரம், நெடுமங்காடு, அஞ்சுதெங்கு ஆகிய நான்கு இடங்களைக் காட்டிவிட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். 12 பேர் அமரும் வேன், ஆளுக்கு 1,500 ரூபாய், காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் அதில் அடக்கம். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், இன்றைய கேரளத்திலுள்ள ஆற்றிங்கலைச் சேர்ந்த உமயம்மை ராணி ஆகிய இருவரைப் பற்றி மட்டுமே நாள் முழுவதும் பேசுகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் ஒருவரும் இந்தப்பக்கம் ஒருவருமாக, ஏறத்தாழ ஒரே காலத்தில் அதிகாரம் செலுத்திய இரண்டு பெண்களை ஒரே பயணத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் மங்கம்மாளைத் தமிழ்ப் பாடத்தில் படிக்கிறார்கள். உமயம்மையின் பெயர் அவர்கள் காதில் விழுவதே இல்லை. எல்லைக்கு அப்பால் பாறசாலையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது அப்படியே தலைகீழ்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு நடுவே, காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வேனை ஓரம் கட்டினார்கள். பார்ப்பதற்கு அங்கே தனியாக ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் சாலை, முகத்தில் அறையும் காற்று, அவ்வளவுதான். ஆனால் மதுரைப் படை நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்த வாசல் இது என்று சொல்லிவிட்டு, வழிகாட்டியாக வந்த இளம்பெண் மங்கம்மாளின் கதையை அங்கேயே தொடங்கியது நல்ல முடிவு. 1682-இல் கணவர் சொக்கநாத நாயக்கர் இறந்தபோது மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் அம்மை கண்டு இறந்தார். நிறைமாதமாக இருந்த மருமகள் உயிரை விடத் துடித்தபோது தடுத்து நிறுத்தியும், பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். கையில் மிஞ்சிய பச்சைக் குழந்தையான விஜயரங்க சொக்கநாதனின் பெயரால் பாட்டி அரசாட்சியை ஏற்று, அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் நடத்தினார்.

இடது கையால் வெற்றிலை வாங்கிப் போட்ட குற்றத்துக்குப் பரிகாரமாகத்தான் சாலையும் சத்திரமும் கட்டினார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். வழிகாட்டி அதையும் சொன்னார். சொல்லிவிட்டு, "இது மக்கள் சொல்லி வந்த கதை, ஆவணம் அல்ல" என்று தெளிவாகப் பிரித்தும் காட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அவர் பெயரில் நிற்கும் சத்திரத்தையும், தென்கோடி நோக்கி வந்த சாலையையும், வழிப்போக்கருக்கு நிழலும் தண்ணீரும் கொடுப்பதை ஓர் ஆட்சியாளர் தன் கடமையாக எண்ணியதன் அடையாளமாகப் பார்க்கலாமே என்றார். இந்தப் பிரித்துச் சொல்லும் பழக்கம் நாள் முழுவதும் அவரிடம் மாறவே இல்லை. இந்தப் பயணத்தை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, நான் இதற்கு முன் ஐந்தாறு முறையாவது போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் மூலிகைக் கட்டிலையும் கண்ணாடிபோல் மினுங்கும் கருந்தரையையும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவதுதான் வழக்கம். இந்த முறை எங்களை நேராகத் தாய்க்கொட்டாரத்துக்கு அழைத்துச் சென்று, ஏகாந்த மண்டபத்துப் பலாமரத் தூணுக்கு எதிரே முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். நாம் இன்று காணும் கொட்டாரத்தில் பெரும்பகுதி பிற்காலத்தது, பழமையான பகுதி இதுதான் என்பதையும், இந்த ஊருக்கு அப்போது கல்குளம் என்று பெயர் என்பதையும் சொன்ன பிறகுதான் வழிகாட்டி போரின் கதைக்கு வந்தார். திறை வாங்க வந்த மதுரைப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் ரவிவர்மர் கல்குளம் கோட்டைக்குள் விட்டு, தனக்கு அடங்காத பிரபுக்களை அடக்க அவர்கள் துணையைப் பயன்படுத்திக்கொண்டு, பிறகு அந்தப் படையையே திருப்பித் தாக்கினார். அதற்குப் பதிலடியாக மங்கம்மாள் 1697-இல் தளவாய் நரசப்பையாவை அனுப்ப, அவர் வென்று திறையோடும் பீரங்கிகளோடும் திரும்பினார். அந்தத் தூணில் அடி முதல் நுனி வரை கொடியும் பூவுமாகச் செதுக்கியிருக்கிறார்கள்; ஒரு விரல் அகலத்துக்குக்கூட வெறும் மரம் தெரியவில்லை. போர்க்கதையைக் கேட்டுக்கொண்டே அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்துக்கே கொடுத்த பணம் தகும்.

தக்கலையைத் தாண்டி வேன் போகும்போது, திருவிதாங்கோட்டில் கிடைத்த கல்வெட்டின் செய்தியை வழிகாட்டி படித்துக் காட்டினார். குறிப்பிட்ட மாதத்தில் இருட்டிய பிறகு வெளியே வரும் மேல்சாதிப் பெண்ணை, தாழ்த்தப்பட்டவராக அன்று கருதப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆண் ஒருவர் தொட்டாலோ கல்லெறிந்தாலோ அவள் சாதியையும் வீட்டையும் இழந்துவிடுவாள் என்று ஒரு வழக்கம் இருந்தது. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்று அழைக்கப்பட்ட அந்த வழக்கத்தைக் கோட்டயத்துக் கேரள வர்மர் கொல்லம் ஆண்டு 871-இல், அதாவது 1696-இல், தடை செய்தார். இவர் உமயம்மை ராணிக்குத் துணையாக வந்து நின்றவர். ஒரு ராணி கோட்டையைப் பற்றியும் வரியைப் பற்றியும் முடிவெடுத்துக்கொண்டிருந்த அதே நாட்டில், சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு இருட்டிய பின் தன் முற்றம்கூடச் சொந்தமில்லை என்பதைக் கேட்டு வேனில் எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

நெடுமங்காட்டுக் கோயிக்கல் கொட்டாரம் நான் முதல்முறையாகப் பார்ப்பது. உமயம்மை ராணிக்காகக் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இரண்டு மாடி நாலுகெட்டு அது. இப்போது கேரளத் தொல்லியல் துறையின் நாட்டுப்புறக்கலை, நாணய அருங்காட்சியகமாக இருக்கிறது. நடுமுற்றத்தில் வெளிச்சம் நேராக இறங்குகிறது, சுற்றிலும் உள்ள அறைகளில் குளிர்ச்சியும் அரையிருட்டும். நாணயப் பகுதியில் இராசிப் பணம் என்ற பழைய நாணயத்தைக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துத்தான் பார்க்க முடிந்தது; மிளகைத் தட்டி வைத்தது போல அத்தனை சிறியது. 1677 முதல் 1684 வரை இளவரசர் ரவிவர்மருக்காக ஆட்சி நடத்திய உமயம்மை, அவர் பட்டமேறிய பிறகும் ஆற்றிங்கலின் மூத்த ராணியாகத் தமக்கென்று நாடும் உரிமையும் கொண்டிருந்தார். வேணாட்டில், அதாவது திருவிதாங்கூரின் பழைய நாட்டில், பட்டம் பெண்வழியாக இறங்கியதால் ஆற்றிங்கல் ராணியின் பிள்ளைகள்தாம் மன்னர்கள் ஆனார்கள் என்று வழிகாட்டி விளக்கியபோது, வேனில் இருந்த சென்னைக்காரர்கள் இருவருக்கு அது எளிதில் பிடிபடவில்லை. என் அம்மாவுக்கோ விளக்கமே தேவைப்படவில்லை. "எங்க ஆச்சிக்க வீட்டுலயும் மருமக்கவழிதான் மக்களே, சொத்தெல்லாம் பொம்பளையாளுக்க வழியாத்தான் வந்து, மாமாதான் நின்னு பாத்துக்கிட்டாவ" என்று அவரே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் 1926-இல் சட்டம் வந்த பிறகுதான் அந்த முறை மாறியது. இப்படிப் பயணிகளின் வாயிலிருந்தும் வரலாறு வர இடம் கொடுத்து, அம்மா பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் நின்ற வழிகாட்டியின் பண்பை நான் இங்கே பாராட்டியே ஆக வேண்டும்.

குறை அஞ்சுதெங்கில்தான். நெடுமங்காட்டிலிருந்து கிளம்பவே மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது; கோட்டைக்குள் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆற்றிங்கல் ராணி 1690-களில் இடம் கொடுத்ததால் எழுந்த கோட்டை இது. டச்சுக்காரர்களின் மிளகு ஆதிக்கத்துக்கு எதிராக இன்னொருவரைக் கரையில் நிறுத்திப் பார்த்த அந்தக் கணக்கு சரியா தவறா என்பதை நிதானமாகப் பேசியிருக்க வேண்டிய இடமும் இதுதான். செம்பாறைக் கல் சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்குள் வேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆரல்வாய்மொழிக்கும் பத்மநாபபுரத்துக்கும் நடுவே காலைப் பலகாரத்துக்கென்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதைக் குறைத்திருந்தாலே இங்கே வேண்டிய நேரம் கிடைத்திருக்கும்.

இன்னொரு குறை, கையில் கொடுத்த எட்டுப் பக்கக் குறிப்பேடு. வழிகாட்டி அவ்வளவு கவனமாகப் பேசுகிறார். குறிப்பேடோ எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற செல்வாக்குமிக்க பிரபுக்கள் உமயம்மை ராணியின் ஐந்து பிள்ளைகளைக் குளத்தில் மூழ்கடித்தார்கள் என்ற செவிவழிக் கதையை நடந்த செய்தியாகவே அச்சடித்திருக்கிறது. 1721-இல் ராணிக்குப் பரிசு கொண்டுபோன ஏறத்தாழ 140 ஆங்கிலேயர் ஆற்றிங்கலில் கொல்லப்பட்ட நிகழ்ச்சியை உமயம்மையின் காலத்தில் சேர்த்திருப்பது அதைவிடப் பெரிய பிழை; அவர் மறைந்து அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ராணி வேறொருவர். படிக்கிற பிள்ளைகள் இதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள் என்பதால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. திரும்பும் வழியில் நடத்துபவரிடம் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தேன். அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. காலையில் ரசவடையும் மட்டிப்பழமும் கொடுத்தார்கள், மதியம் நெடுமங்காட்டில் வாழையிலைச் சாப்பாடு. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொட்டாரங்களில் படிகள் செங்குத்தானவை, நிலைகள் தாழ்வானவை. அம்மா இரண்டு இடத்திலும் மாடி ஏறவில்லை. கீழே அவருக்கு நாற்காலி போட்டு, மேலே பார்த்ததை இறங்கி வந்து வழிகாட்டியே அவருக்குச் சொன்னார். திங்கட்கிழமை பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு விடுமுறை என்பதால் அன்று பயணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தாய்க்கொட்டாரத்தில் உட்கார இடம் கிடைப்பது கடினம். முடிந்தவர்கள் வாரநாளில் போவது நல்லது.