வில்லிஸ் ஜீப்புக்குப் போர்க்காலச் சக்கரமும் டயரும்: குமரி மாவட்டச் சாலைகளில் ஓட்டிக் கண்டது

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர விரும்புகிறவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எஞ்சினுக்கு ஆள் உண்டு. எஸ்டேட் ஜீப்புகளிலேயே கை பழகிய மேஸ்திரிகள் குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள். ஆளைச் சுற்றவைப்பது சக்கரம்தான். சில வருடங்களாக இரண்டு மழைக்காலத்திலும் வெயிலிலும் என் வண்டியை ஓட்டிய பிறகு, என்ன வாங்கலாம், எதை ஒதுக்கலாம் என்று தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அமெரிக்க ராணுவப் பதிவில் இந்த வண்டி 'கால் டன் டிரக், 4x4'. டயர் அளவு 6.00-16. ஆரம்பத்தில் வந்த வண்டிகளுக்குப் பிரிக்க முடியாத டிஸ்க் வீல் இருந்தது. 1942-இலிருந்து இரண்டு பாதிகளை எட்டு நட்டு போட்டு இறுக்கும் காம்பாட் ரிம் வந்தது. முன்னணியில் நிற்கும் சிப்பாய் டயர் லீவரோடு மல்லுக்கட்டாமல், ரிம்மைப் பிரித்தே டயரை எடுத்துவிடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. எனவே வண்டி எந்த வருடத்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு பிறகு ரிம் தேடுங்கள். 1944 வண்டியில் ஆரம்பகால டிஸ்க் வீலைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

வீலை வண்டியில் மாட்டுவது ஐந்து போல்ட், அவை நிற்பது ஐந்தரை அங்குல வட்டத்தில். இந்த அளவு போருக்குப் பிந்தைய மஹிந்திரா ஜீப்புகளுக்கும் பொருந்தும், மாருதி ஜிப்ஸிக்கும் பொருந்தும். அதனால்தான் பழைய சாமான் சந்தையில் 'ஒரிஜினல்' என்று எதை வேண்டுமானாலும் நீட்டுகிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் நல்ல பொருள் கிடைக்கும், ஆனால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வெளியூர் வியாபாரி ஒருவர் லாரி சர்வீஸில் அனுப்பிய ரிம்மில் முன்பக்கம் எட்டு நட்டும் அழகாக இருந்தன. பின்பக்கம் திருப்பினால் போல்ட் தலை ஒன்றுகூட இல்லை, இரண்டு பாதி சேரும் கோடும் இல்லை. சாதாரண டிஸ்க் வீலில் நட்டை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். உண்மையான காம்பாட் ரிம் என்றால் உள்பக்கம் விரலால் தடவும்போதே அந்தச் சேர்க்கைக் கோடு தட்டுப்படும். போல்ட் ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு குழி பறித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

காற்று இருக்கும்போது அந்த எட்டு நட்டில் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. நான் போகும் பஞ்சர் கடை ஆசான் வேலைக்கு நிற்கும் பையனிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "எலே, வால்வு பின்னை எடுத்தியா? முழுக்க காத்து போகாம அந்த நட்டத் தொடப்பிடாது. ரிம்மு பறந்து மொகத்துல அடிக்கும் பாத்துக்க." பிரிட்டிஷ் ராணுவத்தில் இப்படிப்பட்ட ரிம் நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவைக்கும் வழக்கம் இருந்தது. நானும் அதையே செய்திருக்கிறேன். அமெரிக்க வண்டியில் அது காலத்துக்குப் பொருந்தாது என்று ஒரு நண்பர் சொன்னார். வீல் கழற்றும் பையன் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும், பெயின்ட் அப்படியே இருக்கட்டும் என்றேன். இன்னொன்றும் உண்டு. வண்டியின் இடப்பக்க வீல் நட்டுகளுக்கு இடது மரை, வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் கழலும். புதுப் பையன்கள் வழக்கம்போல் சுற்றி, போல்ட்டை முறித்துவிடுவார்கள். கடைக்குப் போனதும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

டயருக்கு வருகிறேன். கடையில் போய் '6.00-16 இருக்கா' என்றால் உடனே இருக்கு என்பார்கள். அது பெரும்பாலும் டிராக்டர் முன்சக்கர டயராக இருக்கும், நீளவாட்டில் மூன்று வரி ஓடும். ரிம்மில் கச்சிதமாக உட்காரும், விலையும் குறைவு. ஆனால் அது வயலில் மெதுவாகப் போவதற்குச் செய்தது, நெடுஞ்சாலை வேகத்துக்கு ஆகாது. போர்க்காலத் தோற்றத்துக்கு வேண்டியது என்.டி.டி. (நான் டைரக்‌ஷனல் டிரெட்) என்று சொல்கிற, முன்னும் பின்னும் ஒரேபோல் தெரியும் கட்டைப் பூ (டயரின் மேல்வரி) கொண்ட நைலான் டயர். அதைப் புதிதாக இன்றும் செய்கிறார்கள். போர்க்காலத்திலேயே செய்த டயர் எங்கேயாவது கிடைத்தால் கண்காட்சிக்கு வையுங்கள், சாலையில் வேண்டாம். அந்த வயது ரப்பருக்குள் என்ன நடந்திருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தக் காலத்து டயரில் ஓடிய ரப்பரைப் பற்றி, ரப்பர் விளையும் மண்ணில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்தில் பெரும்பகுதி அறுந்தது. அமெரிக்கா ஜி.ஆர்.எஸ். என்ற செயற்கை ரப்பரில் டயர் செய்ய ஆரம்பித்தது. போரின் பிற்பாதி ஜீப்புகள் பலவும் ஓடியது அதில்தான். அப்போது திருவிதாங்கூராக இருந்த நம் மலையோரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் கீரிப்பாறை வழியே போகும்போது புகைப்புரையில் (ரப்பரைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை) தொங்கும் ஷீட்டின் வாசனை ஜீப்புக்குள் வரும். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஓட்டிய அனுபவம். எஸ்டேட் மண்பாதையில், காய்ந்திருக்கும்போது, இந்த டயர் அருமை. சரளையில் நம்பி இறக்கலாம். நனைந்த செம்மண்ணில் பூவுக்குள் சேறு அடைத்துக்கொண்டு சீக்கிரம் உதிராது, அப்போது டயர் வழவழவென்று ஆகிவிடும். தார்ச்சாலையில் இரைச்சல் அதிகம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கும். எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை ஈரத் தார். இடவப்பாதி முதல் மழை விழுந்து சாலையில் எண்ணெய்ப்பசை மிதக்கும் நாட்களில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கண்கூடாகக் கூடும். அதனால் மழை மாதங்களுக்குச் சாதாரண ஜீப் பூ உள்ள 6.00-16 ஒரு செட் தனியாக வைத்திருக்கிறேன். தோற்றம் கெடும்தான். ஆனால் தக்கலை இறக்கத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் இறங்கும்போது தோற்றம் உதவாது. மாற்றும்போது நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். முன் வீலும் பின் வீலும் வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி, முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் நாலு வீல் டிரைவ் போட்டவுடன் கியர்ப்பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

காற்று 35 பவுண்டு. ராணுவத்தில் வீல் வளைவின்மேல் 'டி.பி. 35' (டயர் பிரஷர்) என்று எழுதியே வைத்தார்கள். கூட ஆள் ஏற்றாமல் ஓட்டும்போது அது எலும்பை உலுக்கும், நான் கொஞ்சம் குறைத்தே வைக்கிறேன். ரொம்பக் குறைத்தால் ரிம்முக்குள் டயர் வழுக்கி, ட்யூப்பின் வால்வு கழுத்து அறுந்துவிடும். நாட்கணக்கில் நின்றால் நைலான் டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகி, காலையில் தடதடவென்று ஓடும். கொஞ்ச தூரத்தில் சூடாகிச் சரியாகும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் ஸ்டாண்ட் வைத்துத் தூக்கிவிடுங்கள்.

கடலோரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது துரு. குளச்சல், முட்டம் பக்கம் போய்வந்தால் உப்பு ரிம் பாதிகளின் இடுக்கில் போய் உட்காரும், வெளியே பெயின்ட் புதிதுபோல் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, உள்பக்கமும் பிரைமர் அடித்து, ஃப்ளாப்புக்கும் (ரிம்முக்கும் ட்யூப்புக்கும் நடுவில் போடும் ரப்பர் பட்டை) ட்யூப்புக்கும் பவுடர் தூவிப் பூட்டுகிறேன். ஃப்ளாப் இல்லாமல் பூட்டினால் அந்தச் சேர்க்கைக் கோடே ட்யூப்பை அறுக்கும்.

பின்னால் தொங்கும் ஸ்டெப்னி ஓடாமலே வெயிலில் வெடிக்கும். அதனால் ஐந்தையும் சுழற்சியில் போடுகிறேன். பூவுக்குத் திசை இல்லாததால் எந்தப் பக்கமும் மாட்டலாம்.